நல்லா இருக்கறோமுங்க

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதிலும் அவசரம். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுத்தவன் மனசுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்துவிட வேண்டும். வீரனுக்கு அது அறவே பிடிக்காது. பல்லடம் பக்கத்தில் அவர் குடியிருந்த லைன் வீட்டுக்கு, காலேஜிலிருந்து ஜோதிகா என்ற பெண் சர்வே எடுக்க வந்தாள். "ஏனுங்கய்யா, மனசு நிம்மதியா இருக்குதுங்களா? தூக்கம் வருதுங்களா?"

"நல்லா இருக்கறோமுங்க அம்மிணி, ஒரு குறையுமில்லீங்க" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினார். வீடு தேடி வந்தவளிடம் வேறென்ன சொல்வது? அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அதே பதில்தான். மருமகள் சித்ரகலாவும் கதவோரம் நின்று தலையாட்டினாள்.

வீரன் வாட்ச்மேனாக இருந்த பனியன் கம்பெனியில் ராக்கையா செக்கிங் பார்ப்பவன், தெற்கத்திக்காரன். காங்கேயம் ரோட்டில் அவன் காலனிக்கும் ஜோதிகா சர்வேக்குப் போயிருந்தாள். "நான் விடலையே அண்ணாச்சி. சோறு எறங்கல, தூக்கமில்ல, எவனப் பாத்தாலும் அடிக்கணும்போல வருது, எழுதிக்கோ தாயின்னுட்டேன்" என்றான் கேட்டில் நின்று.

"வந்த புள்ளைகிட்டப் பேசற பேச்சாடா இது?" என்று வீரன் முகத்தைச் சுளித்தார்.

வீரனின் மகன் தங்கராஜ் போன ஐப்பசியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அதன்பின் சித்ரகலா யாரோடும் பேசவில்லை. ஞாயிறுதோறும் பால் சொசைட்டிக் கட்டடத்தில் ரோஸ்மேரி என்ற அம்மா பெண்களை உட்காரவைத்துப் பேசவிடுவாள். அதுவும் காலேஜ் ஏற்பாடுதான். "வெட்டிப் பேச்சுக்கு ஒரு கூட்டமா?" என்று வீரன் நக்கலடித்தார். ஆனால் பக்கத்து வீட்டு வேலாத்தாள் இழுத்துக்கொண்டு போன சித்ரகலா, ஒரு ஞாயிறு அங்கே வாய்விட்டு அழுதுவிட்டு வந்து, "மாமா, சோறு போடட்டுங்களா?" என்றாள். வீரன் சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சர்வே முடிந்த கொஞ்ச நாளில் கூட்டம் நின்றுபோனது. ராக்கையாவின் காலனிக்கு மாற்றிவிட்டார்களாம். "முன்னப்பின்ன தெரியாத எடத்துக்கு நான் போகலீங்க மாமா" என்றாள் சித்ரகலா. அதற்குப்பின் பழையபடி வாய் மூடிக்கொண்டது.

ஜோதிகா நாற்காலிகளை எடுத்துப்போக சொசைட்டிக்கு வந்தபோது வீரன் போய் நின்றார்.

"அம்மிணி, நான் சொன்னது தப்பு. மாத்தி எழுதிக்குங்க."

"ரிப்போர்ட் குடுத்தாச்சுங்கய்யா. உங்க பக்கந்தான் எல்லாரும் நிம்மதியா இருக்கறதா வந்திருக்குது. கஷ்டம் அதிகமா இருக்கற எடத்துக்குத்தானுங்க ரோஸ்மேரி மேடத்தை அனுப்புவாங்க. நீங்க சந்தோசப்படோணுமுங்க."

"வாசல்ல வந்து கேட்டா நல்லா இருக்கறோம்னுதான் சொல்லுவோம். எம் பையனும் அன்னைக்குக் காலையில அப்படித்தான் சொல்லிட்டுப் போனான்."

ஜோதிகா தூக்கிய நாற்காலியைக் கீழே வைத்தாள். குரல் இறங்கிப்போனது. "நீங்க எப்படி இருக்கீங்கய்யா?"

"எனக்கென்னங்க, நல்லா இருக்கறேன்."

சொன்னபிறகுதான் வீரனுக்கே அது காதில் விழுந்தது. அவள் தரையைப் பார்த்தாள். "அடுத்த வருசம் மறுபடி வருவோமுங்க. அப்ப மறைக்காமச் சொல்லிருங்க."

"கேட்டுப்போட்டா தெரிஞ்சுருமாக்கும்" என்றபடி வீரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நடந்தார்.