ஆறிலிருந்து ஆறரை வரை

என் பிரஷர் நூற்றி எழுபது. அதை இறக்குவதற்கு டொக்டர் குளிசையோடு யோகாவையும் சொன்னார். தினமும் காலையில் அரை மணித்தியாலம், தனியாக, அமைதியாக என்றார். அந்த மனிதர் கொழும்பில், வெள்ளவத்தை ஃபிளாட் எதிலும் குடியிருந்ததில்லை போலும். என் கணவர் சிவானந்தனோடு நிச்சயமாகக் குடியிருந்ததில்லை.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், டொக்டரைப் பார்க்க வருகிறவர்கள் பதியும் சனல் கவுண்டரில் இருக்கிறேன். ஏழு மணிக்கு டொக்டர் வருவார் என்று நம்பர் கொடுப்பேன். அவர் எட்டரைக்கு வருவார். அந்த ஒன்றரை மணித்தியாலத்து ஏச்சு முழுவதும், தமிழிலும் சிங்களத்திலும், எனக்குத்தான். சிரித்துக்கொண்டே வாங்க வேண்டும், அதுதான் வேலை. ஆகவே காலை ஆறிலிருந்து ஆறரை வரை எனக்கு வேண்டும். நாள் முழுக்க வேறொன்றும் நான் கேட்கவில்லை.

கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே பாயை விரித்தால் கையை முழுதாக நீட்ட முடியாது. பரவாயில்லை. யோகா வீடியோவைப் போட்டுக் கதவைச் சாத்துவேன்.

ஆனால் எங்களுக்குக் காலை ஆறு என்றால் டொரொண்டோவில் இரவு எட்டரை. வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிற வீட்டுக்காரருக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. இவருடைய அக்கா, கௌரி மச்சாள், வேலை முடிந்து சாப்பிட உட்காருகிற நேரம் அது. ஆறு ஐந்துக்கு ஹோலில் அவவின் குரல் கேட்கும். ஆறு பத்துக்கு என் கதவு திறக்கும், முதலில் போன் வரும், பிறகு இவர் வருவார். ஒருக்கா முகத்தைக் காட்டும் என்பார். காட்டாவிட்டால் எனக்குத் தலைக்கனம் என்ற செய்தி லண்டன் சொந்தக்காரர் வரைக்கும் போகும். காட்டுவேன். மச்சாள் சிரிப்பா, நானும் சிரிப்பேன், என்ன சமையல், அங்கே மழையா என்று கேட்பா. அவ்வளவில் பத்து நிமிஷம் போய்விடும். மிச்ச நேரத்தில் மூச்சை விடுகிறேனா, பல்லைக் கடிக்கிறேனா என்று எனக்கே தெரியாது. மூன்று மாதம் முடியப் பிரஷர் நூற்றி எழுபத்தைந்து.

கதவைப் பூட்டிப் பார்த்தேன், தட்டினார். சொல்லிப் பார்த்தேன், ஐந்து நிமிஷம்தானே, அக்கா பாவம், தனிய இருக்கிறா என்றார். பாங்கில் ஓய்வுபெற்று இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிற மனிதருக்கு அரை மணித்தியாலத்தின் அருமை எங்கே தெரியப் போகிறது? எனக்கோ, மச்சாளின் குரலைக் கேட்டாலே எரிச்சல் வரத் தொடங்கியது.

போன புதன்கிழமை கையையும் காலையும் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி நின்றேன். கதவு திறந்தது. இவர் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே, அலுமாரியில் சாய்த்து வைத்தார். இனி அக்காவும் பார்த்துச் செய்யட்டுமாம், இரண்டு பேருக்கும் நல்லதாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழும்பிப் போனை எடுத்தேன்.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. இந்த நேரத்தில எனக்குக் கதைக்க ஏலாது. இனி கோல் எடுக்காதேங்கோ."

அப்போதுதான் மச்சாளைச் சரியாகப் பார்த்தேன். மடியில் சோற்றுக் கோப்பை இருந்தது. தலையில் வேலைத்தலத்து வலைத்தொப்பி. அதைக்கூடக் கழற்றாமல்தான் உட்கார்ந்திருந்தா.

"நான் எங்க எடுக்கிறன், தங்கச்சி? ஒவ்வொரு நாளும் இவன்தான் எடுக்கிறான். பத்து மணித்தியாலம் நிண்டுபோட்டு வாறன். தம்பி குறை நினைப்பான் எண்டு சிரிச்சுக்கொண்டிருக்கிறன். எனக்கும் ஏலாது."

மூன்று மாதமாக நான் பிழையான ஆள்மேல் கறுவியிருக்கிறேன். போய்ப் படுங்கோ மச்சாள் என்று சொல்லிப் போனை நிறுத்தி இவரிடம் நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு கட்டில் ஓரமாகவே நின்றார்.

"அப்ப காலமையில நான் ஆரோட கதைக்கிறது?"

பாவமாகத்தான் கேட்டார். எனக்கு அதைக் கேட்கத்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். பேச ஆள் தேடி இந்த மனிதர் கனடாவரை போயிருக்கிறார்.

"ஆறரைக்கு நான் வெளியில வருவன். அப்ப என்னோட கதையுங்கோ. இப்ப கதவைச் சாத்துங்கோ."

சாத்தினார். கோபம் இறங்கவில்லை. ஆனாலும் ஆறரை வரைக்கும் நான் பாயை விட்டு எழும்பவில்லை.