அக்கா மூடாத நட்சத்திரம்

1

*முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை அக்காவைச் சமாதானப்படுத்த எழுதியது. (முன்னால் ஒற்றை நட்சத்திரம் நிற்கிறதே என்று கேட்காதீர்கள். அச்சுப்பிழை இல்லை. அந்தக் கதைக்கு வருகிறேன்.)

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். பதினோரு வருடமாக என் முதல் வாசகியும் அவள்தான். கதையை மின்னஞ்சலில் அனுப்புவேன், குறி போட்டுத் திருப்பி அனுப்புவாள். போன மாதம் குறியே இல்லாமல் ஒரு பதில் வந்தது: "இனிமே எனக்கு அனுப்பாத. எப்படியும் நான் சொல்றதுக்கு நேர்மாறாத்தான் செய்யப்போற."

2

/சாளரத்தின் கண்ணீர்த் துளிகளை எண்ணியபடி அவள்/

வேண்டாம். நேராகக் கடைக்கே போகிறேன்.

3

போகும்போது எனக்குக் கோபம்தான். நான் என்ன செய்யாமல் விட்டேன்? அவள் பதிலில் தடித்த எழுத்தில் வந்த வரிகளைக் கண்டனம் என்று எடுத்து, மறுபேச்சில்லாமல் நீக்கினேன். சாய்வெழுத்தில் வந்தவற்றைச் செல்லம் கொடுப்பதாக நினைத்து வைத்துக்கொண்டேன்.

அவள் ஒரு பெரியவரின் கண்ணுக்கு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவளுடைய பழைய கணினியில் என் கதை திறந்திருந்தது. வரிகளின் இரண்டு பக்கமும் நட்சத்திரங்கள், சாய்கோடுகள்.

"அக்கா, இது என்ன நட்சத்திரம்?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம். ஸ்கூல் நோட்டுல டீச்சர் போடுவாங்கள்ல?"

"இந்தக் கோடு?"

"வெட்டுன்னு அர்த்தம். இதக்கூடவாடா சொல்லித் தரணும்?"

"எனக்கு இதெல்லாம் வந்ததே இல்லக்கா."

கைபேசியைக் காட்டினேன். என் மின்னஞ்சல் செயலி கொஞ்சம் அதிமேதாவி. சொல்லின் இருபுறமும் நட்சத்திரத்தைக் கண்டால் அழுத்திச் சொல்கிறார்கள் போல என்று தானே முடிவுகட்டி, நட்சத்திரங்களை விழுங்கிவிட்டுச் சொல்லைத் தடிப்பாக்கிவிடும். சாய்கோடு என்றால் கோட்டை விழுங்கிச் சொல்லைச் சாய்த்துவிடும். ஆக, மூன்று புத்தகங்களில் அவள் ரசித்ததை எல்லாம் நீக்கி, நீக்கச் சொன்னதை எல்லாம் அச்சேற்றியிருக்கிறேன். (ஒரு விமர்சகர் "ஈரமான நடை" என்று பாராட்டினார். அந்த ஈரம் முழுக்க அக்கா வெட்டச் சொன்னது.)

"அப்போ அந்தப் பஸ் டிரைவர் கத? தூங்கற பொண்டாட்டி பக்கத்துல தண்ணி வச்சுட்டு வேலைக்குப் போவானே, அந்த வரி?"

"அதுதான் முதல்ல போச்சு."

"பாவி!" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்தது.

"மறுபடி படிப்பியாக்கா?"

"அனுப்பு, பாக்கலாம்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

4

முடிவுகள்: (அ) /கண்ணீர் கரைபுரள அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர்/ (ஆ) தம்பி மூன்று புத்தகங்களையும் திருத்தி எழுதுகிறான். (அவ்வளவு உழைப்பாளி இல்லை.)

இதுவரை எழுதி அனுப்பினேன். நேற்று மதியம் திரும்பி வந்தது. நீங்கள் பார்க்கும் சாய்கோடுகள் அவள் போட்டவை. குறிகளை விழுங்காத செயலிக்கு மாறிவிட்டேன் என்று பெருமையடிக்க ஆசை. உண்மையில் கோடுகளை அவள் கணினியைப் பார்த்து நானே எழுதிக்கொண்டு வந்தேன். அவள் கோடு போட்ட வரிகளை வெட்ட மனசு வரவில்லை. இந்த முறை கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றனவே.

கீழே ஒரு குறிப்பு: "இந்தத் தம்பி பாத்திரம் நம்பற மாதிரி இல்ல. பதினோரு வருஷத்துல ஒரு தடவ வாய் தெறந்து கேட்டிருக்க மாட்டானா?"

கேட்கவில்லை அக்கா. கேட்டால் சொல்லிவிடுவாயே என்ற பயம்.

5

முதல் சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம். கடைசி வரை தேடினேன், அதற்கு இணை இல்லை. இணை இல்லாததை என் செயலியால் விழுங்க முடியாது. என் கைபேசியிலும் அப்படியே நின்றது. இந்த முறை கேட்டுவிட்டேன்.

"அக்கா, நட்சத்திரத்த மூட மறந்துட்டியா?"

"மறக்கலடா. நல்லா இருக்கு. எதுவரைக்கும்னு இன்னும் தெரியல. நீ எழுதிட்டே இரு."

அதனால் முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் பென்சில் இருந்தால், மூடும் நட்சத்திரத்தை உங்களுக்குப் பிடித்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் வேண்டாம், அக்கா இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்