இன்னொருவர் வாயால்

"நெஞ்சுல தட்டிக்கிட்டு அழுதாலே போதும்னு சாமி சொல்றாரு, கொமாத்ரே. ஆண்டவருக்குப் புரியுமாம்."

உபதேசியார் தியோஃபிலோ கட்டிலருகே மண்டியிட்டு, மலைக்காரர்களின் கெச்சுவா மொழியில் எடுத்துச் சொன்னார். எர்மெலிந்தாவின் மகனுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் என்பதால், கட்டிலில் கிடந்த அவள் அவருக்குக் 'கொமாத்ரே', அவர் அவளுக்குக் 'கொம்பாத்ரே'. புதிதாக வந்திருக்கும் சாமியார் கடற்கரை ஊர்க்காரர். ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு தெரியாது. திருவிழாப் பூசை முடிந்து, மலையிறங்கப் போகும் லாரியை நிறுத்திவைத்துவிட்டு இவளுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஏறி வந்திருந்தார். இனி அடுத்த திருவிழாவுக்குத்தான் வருவார். வயிற்றுக் கட்டி அதுவரை தன்னை விட்டுவைக்காது என்று எர்மெலிந்தாவுக்குத் தெரியும்.

அழுதால் போதும். எத்தனை சுலபம்! ஆனால் மொழி தெரியாததற்காகக் கொடுக்கிற சலுகையை ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினால் அந்த மன்னிப்பு எப்படிச் செல்லும்? பழைய சாமியார் கெச்சுவாவை இந்த ஊர்க்காரர் போலவே பேசுவார். அவரிடம் ஒவ்வோர் ஆண்டும் வாய்ச்சண்டையைச் சொன்னாள், பக்கத்து வயலில் தோண்டிய உருளைக்கிழங்கைச் சொன்னாள். அந்த ஒன்றை மட்டும் நாக்கடியில் வைத்துக்கொண்டே நற்கருணை வாங்கினாள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவளுக்கும் மன்னிப்புக்கும் நடுவே தியோஃபிலோ மண்டியிட்டிருக்கிறார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், அவரைத் தவிர.

"வேற யாரும் இல்லையா? டீச்சரம்மா?"

"லீவுக்குப் போயாச்சு. எங்கிட்ட என்ன வெக்கம்? என் கோழிய நீங்க குழம்பு வெச்சது எனக்கு எப்பவோ தெரியும்." சிரித்தார். "வெளிய மூச்சு விடமாட்டேன்னு சாமி சத்தியம் வாங்கியிருக்காரு."

வலி அடிவயிற்றிலிருந்து சுருட்டிக்கொண்டு எழுந்தது. அது தணிவதற்குள் சொல்லிவிட வேண்டும், தணிந்தால் தைரியமும் போய்விடும் என்று தோன்றியது.

"அன்னைக்கு ஆலங்கட்டி மழையில ஃபோர்துனாத்தா என் கதவத் தட்டினா. நான் உள்ளதான் இருந்தேன்."

தியோஃபிலோவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. ஃபோர்துனாத்தா அவர் மனைவி. "நீ சந்தைக்குல்ல போயிருந்தே?"

"போகல. பொய் சொன்னேன். காலையில வாய்க்கால்ல எல்லார் முன்னாடியும் என்னத் திருடின்னு சொன்னா. நனையட்டும்னு இருந்தேன். வலி எடுத்துருச்சு, தொறன்னு கத்தினா. தொறக்கல. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு."

மறுநாள் ஓடைக்கரையில் ஃபோர்துனாத்தாவை, வயிற்றுப் பிள்ளையோடு, ஆலங்கட்டிக் குவியலை விலக்கி எடுத்தார்கள். 'கொமாத்ரே வீட்ல இருந்திருந்தா பொழச்சிருப்பா' என்று அவர் அத்தனை வருடமும் சொல்லிவந்தார்.

சாமியார் ஏதோ கேட்டார். தியோஃபிலோ இதைக் கோழித் திருட்டு என்று சொல்லி முடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எர்மெலிந்தா அவர் சட்டைக்கையைப் பற்றினாள்.

"சொல்லிருங்க. ஒண்ணையும் விட்டுறாதீங்க. உங்க காலப் பிடிக்கிறேன்."

அவர் சொன்னார். தரையைப் பார்த்தபடி, நிறுத்தி நிறுத்தி. அவளுக்குப் புரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான். அந்தப் பெயர் யாருடையது என்று சாமியாருக்குத் தெரியாது. அவர் கையை உயர்த்திப் பாவமன்னிப்பு மந்திரத்தை ஓதினார். பொருள் தெரியாவிட்டாலும் சிறுவயது முதல் அவள் காது அறிந்த ஓசை அது. பிறகு இன்னும் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு, அவளுக்கும் சொல்லும்படி உபதேசியாரைப் பார்த்தார்.

கீழே லாரி ஹாரன் அடித்தது.

"ஆண்டவர் மன்னிச்சிட்டாராம்," என்றார் தியோஃபிலோ. "எல்லாத்தையும். சமாதானமா இருக்கச் சொல்றாரு. செத்தவளுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லணுமாம்."

"நீங்க, கொம்பாத்ரே?"

"நான் சாமி சொன்னதத்தான் சொன்னேன்."

சாமியார் குனிந்து வெளியேறினார். தியோஃபிலோவும் எழுந்து போனார். முற்றத்தில் தொட்டித் தண்ணீரை மொள்ளும் சத்தம். மன்னிப்பைச் சொன்ன வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மறுபடி மொண்டார். எர்மெலிந்தா கைகளைக் குவித்துப் பரலோக மந்திரத்தைத் தொடங்கினாள். அவர் துப்புகிற ஒவ்வொரு முறையும் வரி தப்பியது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.