கிணற்று வீட்டின் கடைசிக் கதவு

நூர்தீனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் முதலில் காது சூடாகிச் சிவக்கும், பிறகு தொண்டையைச் செருமுவான், கேட்டவர்களே பாவம் பார்த்து வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். தேக்காவில் வாப்பா விட்டுப்போன அத்தர் கடையை இத்தனை வருடமாக நடத்துகிறான். ஒரு குப்பியைக்கூட இல்லாத பெருமை சொல்லி விற்றதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு மாதமாக மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் செங்காங்குக்குப் போய், சாகக் கிடக்கும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தான். வழி தெரியவில்லை என்பதே அந்தப் பொய்.

தெருவில் போகிற வழி இல்லை. டிவிக்குள் இருக்கிற ஒரு வீட்டின் வழி.

அந்த வீட்டுக்கு அவனும் அக்காவும் சின்ன வயதில் குடிபோனார்கள். புக்கிட் மேரா பிளாட்டில் இருந்த காலம். வாப்பா சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் ஒரு கேம் செட்டும், அதோடு சேர்ந்து வந்த ஒரே ஒரு கேசட்டும் வாங்கி வந்தார். கேசட் முழுக்க ஜப்பான் எழுத்து. மேலே ஒட்டியிருந்த படத்தில் பாதி கிழிந்துபோய், மீதிப் பாதியில் ஒரு கிணறு மட்டும் இருந்தது. ஆகவே அது அவர்களுக்குக் கிணத்து வீடு. அதன் உண்மையான பெயர் பிற்பாடு தெரியவந்தபோது இருவருக்குமே பிடிக்கவில்லை.

ஆட்டம் இதுதான். உப்பளத்து நடுவில் ஒரு பெரிய வீடு. அதற்குள் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு நடக்கிறார்கள். முன்னால் போகிறவர் கையில் விளக்கு. ஆளுக்கொரு திரி, திரையின் ஓரத்தில் எரிந்துகொண்டே குறையும். பயந்தால் வேகமாகக் குறையும், கையை விட்டால் இன்னும் வேகமாக. வீட்டில் பேய் என்று ஒன்று கண்ணில் படவே படாது. ஒரு தச்சன் மட்டும் உண்டு, அவனும் சத்தமாகத்தான் உண்டு. நீங்கள் தாண்டி வந்த கதவை எல்லாம் பின்னாலேயே வந்து ஆணியடித்து மூடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் டக், டக் என்று கேட்கும். போய்ப் பார்த்தால் நேற்று இருந்த அறை இன்று இருக்காது. இப்படி வீடு சுருங்கிக்கொண்டே வரும். ஒரே ஓர் அறையில்தான் அவன் சத்தம் கேட்காது. அங்கே அடுப்பில் தேயிலைத் தண்ணி கொதிக்கும். இருவரும் உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பை குடித்தால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். எத்தனை ஆட்டம் வந்து போயிற்று, ரத்தமும் சதையுமாகக் காட்டி மிரட்டுகிற ஆட்டங்கள்! ஒன்றாவது அந்த அடுப்பறையின் அமைதிக்குப் பக்கத்தில் வருமா? பயமுறுத்தத் தெரிந்தவர்கள் நூறு பேர். பயந்தவனை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுக்கத் தெரிந்தவன் அந்த ஜப்பான்காரன் ஒருவன்தான்.

நூர்தீனின் அக்கா நஃபீசாவுக்கு ஜப்பான் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் படித்தாள். திரையில் எழுத்து வந்ததும், பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தை வாசிப்பது போல, திக்காமல் திணறாமல் வாசிப்பாள். "தச்சனுக்குக் கண்ணு தெரியாது. சத்தம் கேட்ட எடத்துல ஆணி அடிப்பான். மூச்சு விடாதே." நூர்தீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்ட்ரோலரை அமுக்குவான். அவள் சொன்னது ஒவ்வொன்றும் பொய் என்று அவனுக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. தெரிந்த பிறகும் நம்பினான். விளக்கு அவன் கையில்தான் இருந்தது, ஏனென்றால் அழுது வாங்கியிருந்தான். பின்னால் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்ணுக்கு லாத்தா என்று பேர். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கடைசியில் கிணற்றடியில் ஒரு கதவு வரும். பக்கத்தில் ஓர் இரும்புச் சக்கரம். கதவைத் தொட்டால் நாலு வரி எழுத்து, அடியில் இரண்டு சொல். முதல் தடவை நூர்தீன் மேலே இருந்த சொல்லை அமுக்கினான். உடனே பின்னால் நின்ற பெண் அவன் கையை விட்டுவிட்டுச் சக்கரத்தை நோக்கி நடந்தாள். அவள் திரி மளமளவென்று குறைந்தது. நஃபீசா பாய்ந்துபோய் செட்டை அணைத்தாள்.

"தப்பான பதில்டா. கையை விட்டா செத்துருவோம்ல? ரெண்டு பேரும் சேர்ந்து போற வழி வேற எங்கேயோ இருக்கு."

அந்த வழியைத்தான் அவர்கள் ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் தேடினார்கள். ஒவ்வோர் அறையையும் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார்கள். கதவுக்குத் திரும்பி வந்து, அமுக்கி, அவள் கையை விட்டதும் அணைத்து, மறுபடி முதலிலிருந்து. சரியான பதிலைத் தப்பு என்று எண்ணிக்கொண்டு வருடக்கணக்காகத் தேடிய அசடுகள் உலகத்திலேயே அவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். பிறகு அந்த செட் கெட்டது, லாத்தா வேலைக்குப் போனாள், புக்கிட் மேராவை விட்டார்கள். முடிவைப் பார்க்கவே இல்லை.

போன வருடம் அந்த ஆட்டத்தை இங்கிலீஷில் புதிதாக வெளியிட்டார்கள். படம் அதே பழைய படம், எழுத்து மட்டும் மாறியிருந்தது. அதே வருடம்தான் நஃபீசாவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செங்காங் வீட்டில் தனியாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டபோது, நூர்தீனும் அவன் மனைவி ருகையாவும் மார்சிலிங்கிலிருந்து மாறி மாறி வந்து பார்த்துக்கொண்டார்கள். வாடகைக்கு எடுத்த கட்டிலை ஹாலில், டிவிக்கு எதிரே போட்டார்கள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் நூரு," என்றாள். "கிணத்து வீட்டு முடிவை மட்டும் காட்டிரு."

வலிக்கு மருந்து கொடுத்த பிறகு, தூக்கம் வந்து அமுக்குவதற்கு முன்னால், தெளிவாக இருக்கிற நேரம் அவளுக்குக் கொஞ்சமாக இருந்தது. அந்த நேரத்தில் ஆடினார்கள். இப்போது திரையில் எழுதியிருந்தது என்னவென்று படிக்க முடிந்தது. தச்சனுக்குக் கண் நன்றாகவே தெரியும் என்றும், வீட்டைக் கட்டியவனே அவன்தான் என்றும், உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கதவுகளை அடைக்கிறான் என்றும் போட்டிருந்தது.

"என் கதைதான் நல்லா இருக்குலா," என்றாள் நஃபீசா.

அடுப்பறையில் இன்னொரு சங்கதியும் தெரிந்தது. கோப்பைக்குப் பக்கத்தில் 'விளக்கை மாற்றிக்கொள்' என்று ஒரு வரி. நினைத்தால் விளக்கை மற்றவர் கையில் கொடுக்கலாமாம். நஃபீசா சிரித்து, சிரிப்பே வலியாகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அப்பவே தெரிஞ்சிருந்தா நீ அழுதிருக்க வேணாம்டா. தினம் ஒருத்தர் வச்சிருக்கலாம்."

அக்காவுக்கு முன்னால் தடுமாறக் கூடாது என்று, ஒருநாள் மார்சிலிங் வீட்டில் நூர்தீன் தனியாக ஆடிப் பழகினான். கிணற்றடிக் கதவு வரை போனான். அந்த நாலு வரியை வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தான். 'சக்கரத்தை ஒருவர் பிடித்திருக்கும் வரைதான் கதவு திறந்திருக்கும். விளக்கு வைத்திருப்பவர் போகலாம். மற்றவர் இருக்க வேண்டும். சம்மதமா?' அடியில் ஆம், இல்லை.

வேறு வழி கிடையாது. எப்போதுமே இருந்ததில்லை. நூர்தீன் அன்றைக்கு அக்கா செய்ததைச் செய்தான். எதையும் அமுக்காமல் அணைத்துவிட்டான். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

கட்டிலில் கிடக்கிறவள் கண்ணெதிரே, லாத்தா என்று பேர் வைத்த பெண்ணை இருட்டில் விட்டுவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு தான் மட்டும் வெளியே போவதா? அதை இவன் கையால் அமுக்கிக் காட்டுவதா? மாட்டவே மாட்டேன் என்று முடிவு செய்தான். அன்றிலிருந்து அவனுக்கு வழி மறந்துபோயிற்று. வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்பினான். அடைத்த அறைக்கு முன்னால் போய் நின்று தலையைச் சொறிந்தான்.

"இந்தப் பக்கம் நேத்தே வந்தோம்ல?" என்பாள்.

"புது வெர்ஷன்ல வழியை மாத்திட்டாங்க போல லாத்தா."

அவள் அவன் காதைப் பார்ப்பாள். தான் இப்படி ஏமாற்றுவது அன்பு என்று நூர்தீன் நினைத்தான். நாட்களை இழுத்தடிப்பதால் அவளையும் இழுத்துப் பிடித்துவைத்திருப்பதாக நினைத்தான். அவளிடம் இருந்ததோ அந்தக் கொஞ்ச நேரம்தான். அதை இவன் முட்டுச் சந்துகளில் வைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தான். இது அவனுக்குத் தெரியாமலும் இல்லை.

ஒருநாள் ருகையா சமையலறையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். நஃபீசா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"கதவை நீ பார்த்துட்டே. அப்படித்தானே?"

நூர்தீன் தொண்டையைச் செருமினான்.

"என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல லாத்தா. நான் இன்னும் அங்கே..."

"நூரு. நான் கையை விட்டுட்டுப் போனேன்ல, அது தப்பான பதில் இல்ல. அதானே? அது எனக்கு எப்பவோ தோணிருச்சுடா. அதுக்கு அப்புறம் என்னன்னுதான் தெரியலை. அதைத்தான் நான் கேக்கிறேன்."

"நாளைக்கு," என்றான் நூர்தீன். "சத்தியமா நாளைக்குக் காட்டுறேன்."

"ம்," என்றாள்.

மறுநாள் போனபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. தாதி வந்து பார்த்துவிட்டு, இனி மருந்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான் என்றாள். நூர்தீன் டிவியைப் போட்டான். அவசர அவசரமாக, ஒரு திருப்பம்கூடத் தப்பாமல், நேரே கதவடிக்குப் போனான். "லாத்தா, இந்தா பாருங்க, வந்துட்டோம்லா, கண்ணைத் திறங்க," என்று கெஞ்சினான். உலுக்கக்கூடச் செய்தான். ருகையாதான் வந்து அவன் கையைப் பிடித்து விலக்கினாள். வெள்ளிக்கிழமை காலை நஃபீசா மௌத்தானாள். அன்றைக்கே சுவா சூ காங்கில் அடக்கம் செய்தார்கள். கபுறில் மண் தள்ளும்போது நூர்தீனுக்கு துஆ வாயில் வரவில்லை. நாளைக்கு என்று சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

மூன்றாம் நாள் யாசீன் ஓதி முடித்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, வீட்டை ஒழிக்கப் புருஷனும் பெண்டாட்டியும் செங்காங்கில் தங்கினார்கள். கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக ஆள் வருவதாக இருந்தது. ருகையா உள்ளே அலமாரியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூர்தீன் விரிப்பு எடுத்த வெறும் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து டிவியைப் போட்டான்.

அடுப்பறைக்குத் திரும்பிப் போனான். விளக்கை மாற்றிக்கொள் என்பதை அமுக்கினான். விளக்கு லாத்தா கைக்குப் போயிற்று. இப்போது அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால் கையைப் பிடித்துக்கொண்டு போனான். கிணற்றடி வந்தது. சம்மதமா என்று கேட்டது. ஆம்.

அவன் பொம்மை கையை விட்டுவிட்டுப் போய்ச் சக்கரத்தைப் பிடித்தது. ஆட்டம் லாத்தாவோடு போகவில்லை. சக்கரத்தடியிலேயே நின்றுவிட்டது. பட்டனை அமுக்கியே வைத்திருக்கச் சொல்லி ஒரு குறி வந்தது. அமுக்கினான். கதவு திறந்தது. வெளியே உப்பளம், வெள்ளை வெளேரென்று. அவள் விளக்கோடு நடந்தாள். விரல் சற்றே தளர்ந்தால் கதவு இறங்கியது, அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். அழுத்தினால் மறுபடி நடந்தாள். விளக்கு சின்னப் புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. இந்தப் பக்கம் தச்சனின் சத்தம் ஒவ்வொரு சுவராகத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அப்போது திரையில் எழுத்து வந்தது. 'அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் இப்போது கையை எடுக்கலாம்.'

இவ்வளவுதான். இந்த ஒரு வரியைத்தான் அவள் பார்க்கக் கேட்டாள். பார்த்திருந்தால் அவளே சத்தமாக வாசித்திருப்பாள், அந்தப் பழைய குரலில், திக்காமல் திணறாமல். அவள் சொல்லிக் கேட்டிருந்தால் அவனும் ஒருவேளை கையை எடுத்திருப்பான். சொல்ல விடாமல் செய்தது யார்? பெருவிரல் மரத்துப்போயிருந்தது. பட்டனை விட்டு அதை எடுக்க அவனால் முடியவில்லை. டக், டக் என்று சத்தம் பக்கத்து அறைக்கே வந்துவிட்டது.

வாசலில் மணி அடித்தது. ருகையா போய்க் கதவைத் திறந்து, யாரிடமோ பேசிவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"எந்திரிங்க. கட்டில் எடுக்க வந்துட்டாங்க."

"இதோ எந்திரிக்கிறேன்," என்றான் நூர்தீன். அவன் காது இரண்டும் சுட்டன.