எட்டு நொடி

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு வெளியே கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. எனக்கு முன்னால் பக்கத்து வயல்காரர் நாராயணசாமி. எங்களுக்குள் ஆறு மாதமாகப் பேச்சில்லை. அதனால் என்னைப் பார்க்காமல், என் காதில் மட்டும் நன்றாக விழும்படி, பக்கத்து நாட்டோடு போர் நடத்திக்கொண்டிருந்தார்.

“ட்ரோனுல ஆளா குந்திகினு போறான்? போனா மிஷினு போச்சு. நூறு அனுப்பு, இன்னா இப்ப?”

எனக்கும் வீரம் உண்டு. ஆனால் என் மகன் அஜித் எல்லையில், ட்ரோன்களைச் சுடும் பிரிவில் இருந்தான். இரண்டு நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. வீட்டில் என் மனைவி அம்சவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. நான் கவலையில் வழக்கத்தைவிட இரண்டு இட்லி அதிகமாகத் தின்றேன். அவரவர் வழி அவரவருக்கு.

போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன்.

“அப்பா, நல்லாத்தான் கீறேன்.”

“இன்னாடா ஆச்சு?”

“நேத்து அந்தப் பக்கத்து ட்ரோனு ஒண்ணு உள்ள வந்துச்சு. சுடட்டான்னு மிஷினு கேக்கும். எட்டு நொடிக்குள்ள நாம வேணாங்கலன்னா அதுவே சுட்டுடும். நான் வேணான்னு அழுத்திட்டேன்.”

“ஏன்டா?”

“குறி வச்சு வரலப்பா. காத்துல சாஞ்சிகினே வந்துச்சு. நம்ம மருந்தடிக்கிற ட்ரோனு பெண்ணையாத்துக் காத்துல தப்பி, நாராயணசாமி மாமா நெல்லுமேல போச்சே, அதே ஆட்டம். நாம வேவு பாக்கறோம்னு நெனச்சு மாமா கல்லால அடிச்சாரு. நீ ஸ்டேசனுக்குப் போன.”

வரிசையில் எல்லோருக்கும் திடீரென்று கரும்புக் கட்டை இறுக்கும் வேலை வந்துவிட்டது.

“அப்பறம்?”

“ஆபீசரு அந்தப் பக்கம் போன் போட்டாரு. தப்பி வந்துடுச்சுன்னாங்க. நாம சுட்டிருந்தா அவுங்களும் சுட்டிருப்பாங்க. இனிமே ஆளு சொல்லாம மிஷினு சுடக்கூடாதுன்னு எங்க பிரிவுல மாத்திட்டாங்கப்பா.”

பாராட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. போனை வைத்துவிட்டு, ஆலைப் புகைமேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தேன்.

நாராயணசாமி என்னைப் பார்த்தே பேசினார். “யோவ் மச்சான், மொதல்ல வூட்டுக்குச் சொல்லுய்யா. அது சாப்புடாம கெடக்குதாமே.”

அம்சவள்ளியைக் கூப்பிட்டேன். ‘ஹலோ’ என்றேன். அதற்குள் நாராயணசாமி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“தங்கச்சி, பையன் நல்லா கீறான். நான் என் காதால கேட்டேன். நீ மொதல்ல துன்னு... ஆமா, நான்தான்... உன் ட்ரோன ஒடச்சவனேதான்.”

மறுமுனையில் அம்சவள்ளி அவரை வெகுநேரம் திட்டினாள். அவர் “சரி தங்கச்சி, சரி தங்கச்சி” என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.