மாப்பிள்ளை படித்த படம்

“அத்தா, அது நம்ம பாட்டனாரே இல்ல. பட்டாளச் சட்டை போட்ட குரங்கு!”

“வாய்க் கொழுப்பப் பாரு! வஹீதா, ஒம் மக பேசுறதக் கேட்டியா?”

பாலக்கரைச் சந்தின் முனைவரை கேட்டது ஜமால் வீட்டுச் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் கே.கே. நகரிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் வந்த பிறகா இப்படிக் கத்துவார்கள்?

விஷயம் ஒரு படம். முதல் உலகப்போருக்குப் போன ஜமாலின் பாட்டனார், எதிரிப் பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரம் ஒன்றைப் பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். தலைப்பாகைச் சிப்பாய், வாயில் கத்தி, பக்கத்தில் வெள்ளைக்காரத் துரை. சிப்பாய் தான்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். உருவப்படம் ஆகாதென்று கல்யாண போட்டோவையே பீரோவில் பூட்டிவைக்கிற ஜமால், ‘கையால வரைஞ்சதுதானே’ என்று இதற்கு மட்டும் தானே சலுகை கொடுத்துக் கூடத்தில் மாட்டியிருந்தார். பாட்டனாருக்கு வேறு முகமும் கிடையாது.

மகள் மெஹ்ரீன் எம்.ஏ. வரலாறு. போன வாரம்தான் செல்போனைக் காட்டி அடியிலிருந்த ஜெர்மன் வரியைப் படித்தாள்: ‘இங்கிலாந்து தன் மிருகக்காட்சிசாலையைத் திறந்துவிட்டது.’ துரையின் கையிலிருப்பது சங்கிலி என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. வரப்போகிற மாப்பிள்ளை ஹாலித்துக்கோ வேலை ஜெர்மனியில். இதைவிட வினை வேண்டுமா?

“போன் என்னத்தையாவது உளறும். மாப்பிள்ளையே படிச்சுச் சொல்லட்டும்” என்றுவிட்டார் ஜமால்.

வந்தார்கள். சமோசா ஆறுவதற்குள் ஹாலித்தின் தோளைப் பிடித்துப் படத்தடியில் நிறுத்திவிட்டார் ஜமால்.

“எங்க பாட்டனார், தம்பி. கீழ என்ன போட்டிருக்கு?”

ஹாலித்தின் காது சிவந்ததைத் திரைச்சீலை இடுக்கு வழியே பார்த்தாள் மெஹ்ரீன். ஒரு வாரமாக உண்மை உண்மையென்று குதித்தவள். சொல்லட்டும், இவனாவது சொல்லட்டும். ஆனால் அத்தாவோ பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைபோல வாயைப் பாதி திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலித்தின் கண் திரைப்பக்கம் வந்தது. அவள் தலை தானாக ஆடியது. வேண்டாம்.

“இவங்கள அவுத்து விட்டா யாராலயும் தாங்க முடியாதுன்னு… பயந்துபோய் எழுதியிருக்காங்க, மாமா.”

“கேட்டியா வஹீதா!”

அந்தத் தலையாட்டலில்தான் மாப்பிள்ளை விழுந்தார் என்று வஹீதாவே பிற்பாடு தெருவெல்லாம் சொன்னாள். நிக்காஹ் ஆயிற்று, விசாவும் வந்தது. கிளம்புகிற அன்று ஜமால் படத்தைச் சால்வையில் சுற்றி மகள் கையில் கொடுத்தார்.

“அவனுங்க ஊர்லயே மாட்டும்மா. பாக்கட்டும்.”

திருச்சி விமான நிலையத்தில் பெட்டிகளுக்குப் பின்னால் அதுவும் ஸ்கேனருக்குள் போனது. திரையில் ஒரு கறுத்த சட்டமும் மூலைக்கொரு ஆணியும் தெரிந்தன. காகிதத்துச் சிப்பாயும் துரையும் அந்த எக்ஸ்ரேக்குத் தெரியவில்லை; நடுவில் ஒன்றுமே இல்லை.