விண்படையின் தனிக்குடித்தனம்

பன்னிரண்டு மணிக்குள் கமாண்டர் பதில் எழுதியாக வேண்டும். விண்வெளிப் பிரிவு விமானப்படையிலேயே இருக்கலாமா, தனிப்படையாகப் பிரியலாமா? செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறையின் தலைவி அவள். அவள் பரிந்துரை நேரே அமைச்சரின் மேசைக்குப் போகும். சோதனைக்காக இந்த மாதம் மட்டும் பழைய விமானப்படைத் தலைமை, புதிய விண்படைத் தலைமை இரண்டுமே அறைக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தன.

"தனிக்குடித்தனம் போயிடலாம் மேடம்," என்றான் மீசை. செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்புகிறவன். மீசையை எடுத்து ஆறு வருடமாகியும் பட்டப்பெயர் போகவில்லை. "விமானம் கேட்டா உடனே வருது. நம்ம ஆன்டெனாவுக்கு மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்."

அவளுக்கும் அதே வயிற்றெரிச்சல்தான். 'பிரியலாம்' என்று எழுத ஆரம்பித்தாள்.

பத்தே முக்காலுக்கு அபாய மணி அடித்தது. வானிலைச் செயற்கைக்கோளின் குறுக்கே உடைந்த ராக்கெட் துண்டு ஒன்று வருகிறது. நாற்பது நிமிடத்தில் மோதல்!

இரண்டு போன்களும் ஒன்றாக அலறின. ஆளுக்கொன்றை எடுத்தார்கள். விமானப்படைத் தலைமை "மேலே ஏத்துங்க" என்றது; கமாண்டர் கட்டளையை அனுப்பினாள். புதிய தலைமை மீசையிடம் "கீழே இறக்குங்க" என்றது, அவனும் அனுப்பினான்.

கமாண்டர் திரையைப் பார்த்தாள். ஏறிய செயற்கைக்கோள் சமர்த்தாக இறங்கி, பழைய பாதைக்கே வந்திருந்தது.

"என்னய்யா பண்ணினே?"

"சொன்னதைத்தான் மேடம்! நீங்க?"

"நானும் சொன்னதைத்தான்யா! போனைக் கீழே வை. மேலே ஏத்து. எவன் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்."

துண்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனது. மீசை நாற்காலியில் சரிந்தான்.

போன்கள் மறுபடியும் அலறின.

"பாத்தியாம்மா? ரெண்டு தலைமைன்னா இதான் கதி. பிரியவே கூடாதுன்னு எழுது," என்றார் விமானப்படைத் தளபதி.

"பாத்தீங்களா? அரைகுறையாப் பிரிச்சா இதான் கதி. முழுசாப் பிரிக்கணும்னு எழுதுங்க," என்றார் புதிய தளபதி.

இருவர் பேச்சும் நியாயமாகவே பட்டது. அதுதான் தொல்லை.

"நீ என்னய்யா சொல்றே?"

"என்னைத் திட்டறதுக்கு ஒரே ஒரு ஆள் போதும் மேடம்."

"யாரு?"

மீசை இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். எழுதியதை அடித்துவிட்டு, கமாண்டர் புதிதாக எழுதினாள்: 'யாராவது ஒருவர் மட்டும் உத்தரவு போடட்டும். அது யார் என்று காலையில் எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.'

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.